பழைய காருக்குப் புதிய இன்ஜின்: 500 குதிரைத்திறன் உண்மையில் எங்கே கிடைக்கிறது?

வாசகர் கேள்வி: என்னிடம் 1972 மாடல் ஷெவர்லே கமேரோ இருக்கிறது. அதன் 350 கன அங்குல வி8 இன்ஜின் ஆயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது. தயார் நிலையில் விற்கும் 350 இன்ஜின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 6,300 ஆர்பிஎம்மில் 500 குதிரைத்திறன் என்கிறார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் டியூரேஷன், அதாவது வால்வைத் திறந்து வைக்கும் கால அளவு, 0.050 அங்குல லிஃப்ட்டில் (உயர்வில்) 248 டிகிரி. டேப்பெட்டுகள் கேமின் மேல் உருளும் ரோலர் வகை அல்ல. காரில் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.08 விகித டிஃபரன்ஷியல், 26 அங்குல உயர டயர், பவர் பிரேக், ஏசி ஆகியவை உள்ளன. வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு இதில்தான் போகிறேன். அந்த இன்ஜினை வாங்கலாமா?

பதில்: இவ்வளவு விவரங்களையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. இவை இருப்பதால் தயங்காமல் சொல்ல முடிகிறது: அந்த இன்ஜின் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் காருக்கு அதை வாங்காதீர்கள்.

முதலில் 500 என்ற எண்ணைப் பார்ப்போம். அமெரிக்கக் கார் நிறுவனங்கள் 1971 வரை இன்ஜினின் திறனை ‘கிராஸ்’ முறையில் அறிவித்தன. அதாவது ஏர் ஃபில்டர், முழு சைலன்சர் அமைப்பு, ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் எதுவும் இல்லாமல் சோதனை மேடையில் அளந்தார்கள். 1972 முதல் அவையெல்லாம் பொருத்தப்பட்ட நிலையில் அளக்கும் ‘நெட்’ முறைக்கு மாறினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் இரண்டு கணக்கையும் வெளியிட்டதால் இடைவெளி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்: அந்த ஆண்டின் எல்டி-1 என்ற 350 இன்ஜினுக்கு கிராஸ் 330, நெட் 275. இன்று தயார் நிலையில் விற்கப்படும் இன்ஜின்கள் பலவற்றின் எண்களும், நீளமான ஹெடர்களோடும் (இன்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய்கள்) பெல்ட் சுமை இல்லாமலும் சோதனை மேடையில் எடுக்கப்பட்டவையே. ஆகவே அந்த 500 உங்கள் பானெட்டுக்குள் வந்து, ஏசி கம்ப்ரஸரையும் சைலன்சரையும் சுமக்கும்போது 500 ஆக இருக்காது.

இதைவிட முக்கியமானது, அந்தத் திறன் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பது. கணக்கு எளிது. 26 அங்குல டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 803 முறை சுழல்கிறது. அதை 3.08ஆல் பெருக்கினால், டாப் கியரில் உங்கள் இன்ஜின் ஏறத்தாழ 2,475 ஆர்பிஎம்மில் இருக்கும். டர்போ 350 கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 2.52, இரண்டாவது 1.52. ஆகவே 6,300 ஆர்பிஎம்மை நீங்கள் எட்டும்போது முதல் கியரில் கார் 100 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இரண்டாவது கியரில் 165ஐயும் கடந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய அந்த 500ஐ வேலைக்குப் போய்வரும் சாலையில் நீங்கள் ஒருமுறைகூடத் தொடப்போவதில்லை.

நீங்கள் தொடும் இடம் 1,200 முதல் 3,500 ஆர்பிஎம் வரை. அங்கே இந்த இன்ஜின் உங்கள் பழைய இன்ஜினைவிடச் சோர்வாகவே இழுக்கும். 248 டிகிரி டியூரேஷன் உள்ள கேமில் இன்டேக் வால்வு மிகத் தாமதமாக மூடுவதால், குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்பவும் மேனிஃபோல்டுக்கே (கலவை உள்ளே வரும் குழாய்க்கே) தள்ளிவிடுகிறது. வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் அதிகம் என்பதால் எரிந்த வாயுவும் கலவையோடு கலக்கிறது. அதிக ஆர்பிஎம்மில் காற்றின் உந்துவேகம் இவ்விரண்டையும் சாதகமாக மாற்றிவிடும். சிக்னலிலிருந்து கிளம்பும்போது அந்த உதவி கிடைக்காது.

இந்த வகைக் கேம் செய்யும் இன்னொரு காரியம் பாதுகாப்பைத் தொடுவது. உங்கள் பவர் பிரேக் இயங்குவது இன்டேக் மேனிஃபோல்டின் வேக்குவத்தால், அதாவது உறிஞ்சும் விசையால்; இந்தக் கேம் அதைக் குறைத்துவிடுகிறது. பிரேக் நம்பிக்கையோடு வேலை செய்ய, ஐட்லிங்கில் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது) குறைந்தது 15 அங்குலப் பாதரச அளவாவது இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. இதேபோன்ற இன்ஜின் மாற்றப்பட்ட ஒரு கார் என்னிடம் வந்தபோது வேக்குவம் மீட்டரை இணைத்துப் பார்த்தேன். முள் 7க்கும் 9க்கும் இடையே நடுங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை முதல்முறை மிதித்தபோது இறங்கியது, இரண்டாவது முறை பாதி இறங்கியது, மூன்றாவது முறை கல்லை மிதிப்பதுபோல இருந்தது. காரை மெதுவாக நகர்த்தி நிறுத்துகிற நெரிசலில்தான் இப்படி அடுத்தடுத்து மிதிப்போம். அந்தக் காரின் உரிமையாளர் அதுவரை பிரேக் பேடில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை மாற்றியிருந்தார்.

இவற்றோடு, அந்த இன்ஜினுக்கு 3,000 ஆர்பிஎம் அளவில் பிடிக்கும் டார்க் கன்வெர்ட்டரும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச்சின் வேலையைச் செய்யும் பாகம்) 4.10 போன்ற டிஃபரன்ஷியலும் தேவைப்படும். 4.10 போட்டால் 100 கிலோமீட்டரில் இன்ஜின் 3,300 ஆர்பிஎம்மில் இரைந்துகொண்டே ஓடும். கன்வெர்ட்டர் வழுக்கும் நேரமெல்லாம் கியர் ஆயில் சூடாகும். ஏசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற காருக்கு இது தண்டனை.

அப்படியானால் எதை வாங்குவது? என் தேர்வு 383 கன அங்குல இன்ஜின். 350 பிளாக்கின் 4.00 அங்குலச் சிலிண்டர் துளையை 4.030 ஆகப் பெரிதாக்கி, 3.48 அங்குல ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) பதிலாக பழைய 400 இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க்ஷாஃப்ட்டைப் போட்டால் கிடைப்பது அது. வெளியிலிருந்து பார்த்தால் அதே ஸ்மால் பிளாக்தான் (ஷெவர்லேயின் சிறிய வி8 வகை). மவுன்ட், பிராக்கெட், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் உங்கள் காரில் இருப்பவையே பொருந்தும். அதில் ஹைட்ராலிக் ரோலர் கேம், 0.050 லிஃப்ட்டில் 215 முதல் 225 டிகிரிக்குள் டியூரேஷன், லோப்களுக்கு (கேமின் மேடுகளுக்கு) இடையே 112 டிகிரி, அலுமினியம் ஹெட், 9.5 முதல் 10 வரை கம்ப்ரஷன் விகிதம், டூயல் பிளேன் மேனிஃபோல்டு (குறைந்த வேகத்துக்கு ஏற்ற வகை) ஆகியவை இருக்கட்டும். விளம்பரத்தில் 400 குதிரைத்திறன் அளவில்தான் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து மனம் சுருங்க வேண்டாம். 2,500 ஆர்பிஎம்மில் ஒரு இன்ஜின் 390 பவுண்டு-அடி டார்க்கும் (சுழற்றும் விசை) மற்றொன்று 310 பவுண்டு-அடியும் தருவதாக வைத்துக்கொள்வோம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால், அந்த இடத்தில் முதலாவது 186 குதிரைத்திறனும் இரண்டாவது 148ம் தருகின்றன. நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது காலுக்குத் தெரிவது இந்த 38தான்.

இன்ஜினில் மிச்சமாகும் பணத்தைக் கியர்பாக்ஸில் போடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். 1982இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70. அதோடு 3.42 டிஃபரன்ஷியலைச் சேர்த்தால் முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் பெருக்கம் இப்போதுள்ளதைவிட 35 சதவீதம் கூடும். அதே நேரத்தில் 100 கிலோமீட்டரில் இன்ஜின் 1,925 ஆர்பிஎம் அளவுக்கு இறங்கிவிடும். பிக்கப்பும் கூடி பெட்ரோலும் மிச்சமாகும் மாற்றம் இதைப்போல வேறு அதிகம் இல்லை. ஒரே எச்சரிக்கை: இதன் த்ராட்டில் வால்வு கேபிளை (ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது) சரியாக அளந்து பொருத்தாவிட்டால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச்சுகள் எரிந்துவிடும். இதை அறிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரையும் சற்று இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

பொருத்தத்தில் இடறும் இடங்கள் சிறியவை, ஆனால் வேலையை வாரக்கணக்கில் நிறுத்திவிடுபவை. 1986 முதல் ஸ்மால் பிளாக்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. அந்தக் கிராங்க்கின் போல்ட் வட்டமும் வேறு என்பதால் உங்கள் காரின் பழைய ஃப்ளெக்ஸ்பிளேட் (கிராங்க்கையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் பல் தட்டு) அதில் உட்காராது. மேலும் 400இன் கிராங்க் வெளிப்புற எடையால் சமன் செய்யப்பட்டது. 383 இன்ஜின்களில் சில அப்படியும் சில உட்புறச் சமநிலையோடும் வருகின்றன. தவறான ஃப்ளெக்ஸ்பிளேட்டையோ டேம்பரையோ (கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) போட்டால் அதிர்வில் பேரிங்குகள் போகும். ஃப்ளெக்ஸ்பிளேட்டில் 153 பல், 168 பல் என இரு அளவுகள் இருப்பதால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பல் எண்ணிக்கை பார்த்துத்தான் வாங்க வேண்டும். 1980 முதல் ஆயில் அளவுக்குச்சி எதிர்ப்பக்கத்துக்கு மாறியது; ஹெடர் வாங்கும்முன் அதைப் பாருங்கள். பிளாக்கில் மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப்புக்கு இடம் துளைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். புதிய பிளாக்குகள் சிலவற்றில் இருப்பதில்லை.

எல்எஸ் வகை இன்ஜின் (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8) போடலாமே என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான், 2008 கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 430 குதிரைத்திறனை நெட் கணக்கிலேயே தருகிறது, காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்புகிறது. ஆனால் உங்கள் கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும் என்றால், இதற்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். ஆகவே டேங்க்கில் பம்ப், புதிய குழாய்கள், கம்ப்யூட்டர், ஒயரிங், வேறு ஆயில் சம்ப், மவுன்ட் தகடுகள், ஹெடர் என்று பட்டியல் நீளும். இன்ஜின் விலைக்கு நிகராக இவற்றுக்கும் ஒதுக்க முடியும், இரண்டு மூன்று மாதம் கார் இல்லாமல் சமாளிக்க முடியும் என்றால் அதையே எடுங்கள். நான்கு நாள் வேலைக்கு இதே காரை நம்பியிருப்பதால்தான் உங்களுக்கு 383 என்கிறேன்.

எதை வாங்கினாலும் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரௌட் (காற்றை வழிநடத்தும் உறை) முழுதாக இருக்கட்டும். முன் பிரேக்கையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இன்ஜின் எண் மாறுவதால் பதிவு, புகைப் பரிசோதனை விதிகளை முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரிப்பது நல்லது. விற்பவரிடம் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து தொடங்கும் டார்க் வரைபடத்தையும் கேம் விவர அட்டையையும் எழுத்தில் கேளுங்கள். உச்ச எண்ணை மட்டும் காட்டி வரைபடத்தைத் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

ரோலர் கேமை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோலர் இல்லாத தட்டை டேப்பெட் இன்ஜினை முதல்முறை கிளப்பியதும் 20 நிமிடமாவது 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடவிட வேண்டும்; துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலும் கட்டாயம். இதில் தவறினால் கேமின் லோப் முனைகள் தேய்ந்து உருண்டுவிடும். ரோலரில் அந்தக் கவலை இல்லை என்றாலும், ஸ்டார்ட் செய்யும்முன் ஆயில் பம்ப்பை டிரில் கொண்டு சுழற்றி, எல்லா ராக்கர்களிலும் ஆயில் வழிவதைக் கண்ணால் பாருங்கள். முதல் அரைமணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயில் ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் படலம் இயல்பானது. விரலால் தேய்த்தால் நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டால் அதற்குமேல் காரை ஓட்டாமல், அந்தத் தாளோடு விற்றவரிடம் போய்ப் பேசுங்கள்.