அரசு மருத்துவமனையில் வேலை வேறு, அரசு வேலை வேறு

கேள்வி: நான் பி.டி.எஸ். படித்துவிட்டு, வட மாவட்டம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழு ஆண்டுகளாக ஒப்பந்தப் பல் மருத்துவராக இருக்கிறேன். மாதத் தொகுப்பூதியம் 34,000 ரூபாய். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். கொரோனா காலத்தில் விடுப்பே எடுக்காமல் உழைத்த என்னை, போன மாதம் ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மேலதிகாரி கேவலமாகப் பேசினார். பணி நேரத்தில் தோழியின் கிளினிக்குக்குப் போகிறேன் என்று புகார் வந்ததாகக் கூறி, ஏழு நாளில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் (மெமோ) கொடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் தரலாம், இல்லையென்றால் ராஜினாமா செய்துவிடலாம் என்கிறார்கள். தனியார் பல் மருத்துவக் குழுமம் ஒன்று 55,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற மூன்றாண்டு பாண்டும் கையெழுத்திட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளும் கேட்கிறது. அரசு வேலையை விட்டுவிடாதே என்கிறார் அப்பா. வழக்குப் போட்டு நிரந்தரமாக்கிக்கொள்ள முடியுமா?
– பல் மருத்துவர், பெயர் வேண்டாம்

பதில் (வழக்கறிஞர்): உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் கொரோனா பணி ஒன்றரைப் பக்கம், கூட்டத்தில் நடந்தது இரண்டு பக்கம். உங்களுக்கு மனம் புண்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றரைப் பக்கத்தையும் ரிட் மனுவில் (அரசு அமைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) எழுதினால், நீதிபதி அதைத் தாண்டிப் போய் நியமன ஆணை எங்கே என்றுதான் கேட்பார். அதற்கான விடையைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ஆணையில் கையெழுத்திட்டிருப்பது அரசுத் துறை அல்ல, திட்டப் பணிக்கு ஒப்பந்தத்தில் ஆள் அமர்த்தும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

உங்கள் அப்பா விட்டுவிடாதே என்று சொல்லும் அரசு வேலை இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் உதவிப் பல் மருத்துவராகத் தேர்வாகி, 56,100 ரூபாய் தொடக்க அடிப்படை ஊதியத்தில் சேர்ந்து, தகுதிகாண் பருவத்தை முடித்ததற்கான ஆணையையும் வாங்கியவருக்குத்தான் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு முழுமையான அரண். குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அவர் தரப்பைக் கேட்காமல் அவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. உங்களிடம் இருப்பது முடிவுத் தேதியுடன் கூடிய ஓர் ஒப்பந்தம். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பல்லைப் பிடுங்கினாலும் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றல்ல.

நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவதைப் பற்றிச் சொல்கிறேன். 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஒழுங்கான தேர்வு முறையில் வராத தற்காலிகப் பணியாளர் நீண்ட காலம் பணியாற்றினார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கோர முடியாது என்று தீர்த்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், நீதிமன்ற ஆணையின் துணையின்றிப் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு மட்டும் ஒரு முறை வாய்ப்பாக வழிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ தீர்ப்பைக் கைபேசியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அரசு அமைப்புகள் ஆண்டாண்டாகத் தற்காலிகமாகவே வேலை வாங்குவதை உச்ச நீதிமன்றம் அதில் கண்டித்தது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் இருந்தவர்கள் மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் நெடுங்காலம் பார்த்தவர்கள். நீங்களோ ஒரு திட்டத்தின் கீழ், ஒரு சங்கத்தின் மூலம், ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர். இன்றைய நிலையில் நிரந்தரம் கேட்கும் வழக்கு நிற்காது; அதை எடுத்து உங்களிடம் கட்டணம் வாங்க எனக்கு மனமில்லை.

உங்களுக்கு இருக்கும் உரிமை சிறியது, ஆனால் உறுதியானது. ஓர் ஒப்பந்தப் பணியாளரை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு ஒப்பந்தப் பணியாளரை அமர்த்தக் கூடாது, முறையாகத் தேர்வானவர் வந்தால்தான் மாற்றலாம் என்பது 1992-இல் பியாரா சிங் வழக்கிலிருந்து வரும் நெறி. அதோடு, ஒழுங்கீனம் என்று முத்திரை குத்தி வெளியே அனுப்புவதாக இருந்தால், ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும் விசாரணை இல்லாமல் அனுப்ப முடியாது. இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்குப் பதிலாக, கட்சிக்காரர்கள் தங்கள் கையெழுத்தாலேயே இழந்துவிட்டு என்னிடம் வருவதைத்தான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன்.

முதலில் அந்த மன்னிப்புக் கடிதம். அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடு ஒருவர் வந்து, "இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், கோப்பை மூடிவிடலாம்" என்பார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்தவர்களின் கோப்பு மூடப்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நடந்தது என்ற அந்தச் சொல் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொண்டவருக்கு விசாரணை எதற்கு என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது, மனம் நொந்து எழுதினேன் என்ற பதில் எடுபடாது. பணி நேரத்தில் நீங்கள் நிலையத்தை விட்டுப் போகவில்லை என்றால், வருகைப் பதிவையும் அந்த நாட்களின் வெளிநோயாளர் பதிவேட்டையும் குறிப்பிட்டு அதை மட்டும் எழுதுங்கள். புகாரின் நகலைக் கேளுங்கள். பணி நேரம் முடிந்த பிறகு தோழியின் கிளினிக்குக்குப் போவது உண்மையானால், பதில் எழுதும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் தனிப்பட்ட மருத்துவத் தொழிலைத் தடுக்கும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தரப் பணியில் உள்ள மருத்துவர்கள் மாலையில் கிளினிக் நடத்துவதைக் காட்டி வாதாடாதீர்கள். அவர்களுக்கான விதி வேறு, உங்களை ஆள்வது உங்கள் ஒப்பந்தம். மேலதிகாரியின் நடத்தையைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அடுத்தது ராஜினாமா. ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்காமல் விட்டால், உங்கள் இடத்தில் வேறொருவரை ஒப்பந்தத்தில் அமர்த்த முயலும்போது அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது, அதுவும் படித்த மருத்துவர் ஒருவர் நிரூபிப்பது, எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது தனியார் குழுமம். பாண்டு எல்லாம் செல்லாது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் தொழில் செய்யாதே என்ற நிபந்தனைதான் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. இடையில் விலகினால் இழப்பீடு தர வேண்டும் என்பது அந்த வகையில் சேராது. பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவர் மூன்றாண்டுக்குள் விலகியதற்காகக் கட்டிய இரண்டு லட்சம் ரூபாயை நியாயமான நிபந்தனை என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அதைவிட ஆபத்து வெற்றுக் காசோலை. நீங்கள் விலகிய பிறகு அதில் ஐந்து லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பியவுடன் அறிவிப்பு அனுப்புவார்கள். அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் தராவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு. தண்டனை இரண்டாண்டு சிறை வரை போகலாம். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, தொகையை அவர்கள் எழுதினார்கள் என்ற வாதம் உங்களைத் தானாகக் காப்பாற்றாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். பணி ஒப்பந்தத் தகராறாக இருந்தது குற்ற வழக்காக மாறி, வாய்தாவுக்கு வாய்தா குற்றவாளிக் கூண்டில் நின்ற இளம் பல் மருத்துவர்களை எனக்குத் தெரியும். பாண்டு தொகையைக் குறைத்து, நீங்கள் வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப அது தேய்ந்துகொண்டே வரும்படி எழுதச் சொல்லுங்கள். காசோலையும் அசல் சான்றிதழ்களும் தர மாட்டேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் அங்கே சேர வேண்டாம். ஒத்துக்கொண்டாலும், சிகிச்சைத் தவறுக்கான இழப்பீடு முழுவதும் மருத்துவரையே சாரும் என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் பார்க்கும் அரசு நிலையத்தின் மீது நுகர்வோர் வழக்கு வராது. கட்டணம் வாங்கும் இடத்தில் வரும். ஆகவே தொழில்முறைக் காப்பீடு எடுக்காமல் அங்கே முதல் நோயாளியைத் தொடாதீர்கள். இன்னொன்று, தனியார் முதலாளி உங்களை நீக்கினால் மீண்டும் பணியில் அமர்த்தும்படி உரிமையியல் நீதிமன்றம் ஆணையிடாது. பெரும்பாலும் அறிவிப்புக் கால ஊதியம்தான் கிடைக்கும்.

என் யோசனை சமரசம். வேறு ஒன்றியத்தில் உள்ள நிலையத்துக்கு மாறச் சம்மதம் என்றும், குறிப்பாணையை எந்த முடிவும் பதியாமல் கைவிட வேண்டும் என்றும் மேலதிகாரியிடம் பேசிப் பாருங்கள். அவமதித்தவரோடு எப்படிப் பேசுவது என்பீர்கள். பேச முடியாவிட்டால் உங்கள் பணியாளர் சங்கத் தோழர் ஒருவரை அனுப்புங்கள். அனுபவச் சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிக்கைக்குப் படியுங்கள். தமிழ்த் தகுதித் தாளைச் சாதாரணமாக நினைத்துக் கோட்டை விட்டவர்கள் உண்டு. பேச்சு முறிந்து, உங்கள் இடத்துக்கு ஒப்பந்த ஆள் எடுக்க விளம்பரம் வந்தால், விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முன்பே என்னிடமோ வேறு வழக்கறிஞரிடமோ வாருங்கள். ஆள் சேர்ந்த பிறகு வந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து நெடுநாள் அலைய வேண்டும்.

குறிப்பாணை கைக்கு வந்தது திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அவகாசம் போதாதென்றால் இன்றே பதினைந்து நாள் நீட்டிப்புக் கேட்டு சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.