சகுரா மேல் ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: ‘நருட்டோ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கும் நண்பர்கள் எல்லாரும் ஹினாட்டாவைக் கொண்டாடுகிறார்கள், சகுராவைத் திட்டுகிறார்கள். சகுரா அவ்வளவு மோசமா? – வாசகி, திருச்சி

பதில்: இல்லை. ஹினாட்டா நேசிப்பது கதாநாயகன் நருட்டோவை. சகுரா நேசிப்பது அவன் தோழன் சசுக்கேயை. நாம் நருட்டோவின் கண்ணால்தான் கதையைப் பார்க்கிறோம். அதனால் அவனை மறுப்பவள் நம்மையே மறுப்பதுபோல் சுடுகிறது. இருவரின் காதலும் நெடுங்காலம் பதிலில்லாத காதல்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அதிகம் திட்டு வாங்குவது, தொடரின் இரண்டாம் பாகமான ‘ஷிப்புடென்’ 206ஆம் பகுதி. பனியில் நின்று நருட்டோவிடம் காதல் சொல்கிறாள் சகுரா. அது பொய். ஆனால் எதற்காக? ஊரைவிட்டுப் போன சசுக்கேயைத் திரும்பக் கொண்டுவருவதாகத் தனக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவனை விடுவிக்கத்தான். வழி தவறு, அவன் மனதைக் காயப்படுத்துகிறது. நோக்கம் சுயநலம் அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

உண்மையான குறை எழுத்தில் இருக்கிறது. சசுக்கே ஊரைவிட்டே போய்விடுகிறான். இருவரும் சேர்ந்து பேசி, சண்டையிட்டு, நெருங்கும் காட்சிகள் மிகக் குறைவு. காதல் வளர்வதைக் காட்டாமல், அவள் காத்திருப்பதையே காட்டினால் பாத்திரம் மெலிந்துதான் போகும். ஹினாட்டாவுக்கும் இதே கதிதான். 166ஆம் பகுதியில் உயிரைப் பணயம் வைத்துக் காதலைச் சொல்கிறாள். நருட்டோவின் பதில் 2014 திரைப்படத்தில்தான் வருகிறது.

நண்பர்களை ‘ஷிப்புடென்’ 21 முதல் 27 வரையுள்ள பகுதிகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சியோ பாட்டியோடு சேர்ந்து வில்லன் சசோரியை வீழ்த்தும் சகுராவிடம் மருத்துவ அறிவும் முஷ்டி பலமும் ஒன்றாக வேலை செய்கின்றன. அங்கே காதல் பேச்சே இல்லை.