ஆபரேஷனில் பிறந்த குழந்தைக்கு 'நல்ல பாக்டீரியா' சொட்டு மருந்து வேண்டுமா?

கேள்வி: பத்து வாரத்துக்கு முன் சிசேரியனில் மகன் பிறந்தான். 38 வாரம் முடிந்து பிறந்தவன். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 4.8. தாய்ப்பால் மட்டும்தான். ஆபரேஷன் குழந்தைக்கு வயிற்றில் நல்ல பாக்டீரியா இருக்காது, அது இல்லாவிட்டால் குடலே வளராது என்று சொல்லி நாத்தனார் புரோபயாட்டிக் சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார். நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறான். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். அதற்காக நாத்தனாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொன்னதில் பாதி நிஜம்.

பாக்டீரியா சேர்ந்தால்தான் சில உறுப்புகள் முழுமை பெறும் என்பதை விலங்குகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். ஹவாய்க் கடலோரத்தில் ஒரு சின்னக் கணவாய் வாழ்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒளி தரும் உறுப்பு ஒன்று உண்டு. வெளிச்சம் கணவாயுடையது அல்ல, உள்ளே குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியாவுடையது. முட்டையிலிருந்து வந்த குஞ்சிடம் அந்த பாக்டீரியா இருக்காது. ஒளியுறுப்பின் இரு பக்கமும் நுண்மயிர் நிறைந்த சிறு நீட்சிகள் இருக்கும். அவை கடல்நீரைத் துழாவிச் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாவைப் பிடித்து உள்ளே விட்டுவிடும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது, நான்கைந்து நாளில் கரைந்தே போகும். அந்த பாக்டீரியா இல்லாத தண்ணீரில் வளர்த்தால் நீட்சிகள் அப்படியே நிற்கும். பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் ஒரு துணுக்குக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று உயிரியல் ஆய்வாளர் மார்கரெட் மெக்ஃபால்-ங்காய் குழுவினர் 2004-இல் காட்டினார்கள். கக்குவான் இருமல் கிருமி குழந்தையின் மூச்சுக்குழாயில் நுண்மயிர்ச் செல்களை நாசம் செய்கிறதே, அதுவும் இதே துணுக்கால்தான்! ஒரே பொருள் அங்கே உறுப்பை வளர்க்கிறது, இங்கே எங்கள் வார்டை நிரப்புகிறது.

சரி, கணவாய் நமக்குத் தூரத்துச் சொந்தம். எலிக்கு வருவோம். கிருமியே படாமல் கண்ணாடிக் கூண்டில் வளர்த்த எலியின் சிறுகுடலில், சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகளுக்குள் ஓடும் ரத்தத் தந்துகிகள் (மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள்) பாதியிலேயே வளர்ச்சி நின்று கிடக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டன் குழுவினர் அப்படி வளர்ந்த எலிகளுக்கு, பெரிதான பிறகு, சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பத்தே நாளில் தந்துகி வலை முழுதாகப் பின்னிக்கொண்டது. இந்த முடிவு 2002-இல் வெளியானது. தாமதமாக வந்தாலும் வேலை நடக்கும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். எல்லாவற்றுக்கும் அப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடலிலும் நுரையீரலிலும் அழற்சியைத் தூண்டும் ஒருவகை எதிர்ப்புச் செல்கள் எலியில் அளவோடு இருக்க, பிறந்த கையோடு பாக்டீரியா வந்தாக வேண்டும். வளர்ந்த பிறகு கொடுத்துப் பலன் இல்லை. 2012-இல் இதையும் பார்த்துவிட்டார்கள்.

உங்கள் மகன் கண்ணாடிக் கூண்டில் இல்லை. சிசேரியன் குழந்தைக்கு முதலில் வந்து ஒட்டுவது பெரும்பாலும் தோலிலும் சுற்றுப்புறத்திலும் உள்ளவை. தாயின் குடலிலிருந்து வர வேண்டிய சில வகைகள் தாமதமாகும். மாதங்கள் போகப் போக இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். அதற்குப் பெரிய துணை தாய்ப்பால். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் உண்டு. குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பிறகு எதற்கு? குடலில் வாழும் நல்ல வகையான பிஃபிடோ பாக்டீரியாவுக்கு. விருந்தாளிக்கென்று தனியாக எடுத்து வைத்த சோறு மாதிரி. நீங்கள் அதைத்தான் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைச் சொட்டில் இருப்பவை பெரும்பாலும் வழிப்போக்கர்கள். நிறுத்தியதும் மலத்தோடு போய்விடும். குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு, அது சிறப்புப் பிரிவு மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அவர்களில் சிலருக்கு இந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகியிருக்கிறது. 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளல்ல இது உங்களுக்கு. சளி, தும்மலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்காமல் இருந்தாலே குடலுக்குப் பெரிய உபகாரம். 'சேனை' என்று யாராவது தேன் தொட்டு வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது.

நான்கு நாள் மலத்தைப் பற்றி: ஆறு வாரம் தாண்டிய தாய்ப்பால் குழந்தை சில நாள், சமயத்தில் ஒரு வாரம்கூட, போகாமல் இருக்கும். போகும்போது மஞ்சளாக, இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கல் அல்ல. சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதுவும் வைக்காதீர்கள். எடை நன்றாகவே ஏறியிருக்கிறது.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பிறந்த அன்று கரும்பச்சையாக முதல் மலம், பாட்டிமார் காட்டுப்பீ என்பார்களே, அது 24 மணி நேரத்துக்குள் போனானா? இரண்டு நாள் தள்ளித்தான் போனான் என்றால் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லிக் காட்டுங்கள், பெருங்குடலின் நரம்பில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வயிறு உப்புவது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.