கிழங்கு முதலில் வேகட்டும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மூணாறு மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து சாப்பிடுவோம். 25 பேர் இருப்போம். போன தடவை பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு வீடியோவைப் பார்த்து, சீஸ் போட்டு மின்சார அவனில் வைக்கிற உருளைக்கிழங்கு செய்தேன். பச்சைக் கிழங்கை வட்டமாக அரிந்து, தயிர், கிரீம், சீஸ் கலந்து ஊற்றி ஒன்றரை மணி நேரம் வைத்தேன். மேலே கருகிவிட்டது. நடுவில் கிழங்கு நறுக்கென்று இருந்தது. தயிர் திரிந்து தண்ணீர் நின்றது, அதன்மேல் எண்ணெய் மிதந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இந்த வருஷமும் பிள்ளைகள் அதையேதான் கேட்கிறார்கள். செய்யலாமா, இல்லை பேசாமல் உருளைக்கிழங்கு மசாலாவோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம், மூணாறு

பதில்: செய்யுங்கள் தங்கச்சி, கட்டாயம் செய்யுங்கள். ஒரு தடவை திரிந்துபோனதற்காகப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பதை விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. வேறு வேறு ஊர்ச் சமையல் இரண்டை ஒரே ட்ரேயில் சேர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பச்சைக் கிழங்கை வட்டமாக அரிந்து அவனில் வைப்பது பிரான்சில் தோஃபினே என்கிற மலைப்பகுதியின் வழக்கம். 1788-லேயே அங்கே ஒரு விருந்தில் பரிமாறியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதில் தயிர் கிடையாது. பாலும் கிரீமும் பூண்டும்தான். பழைய முறையில் சீஸ்கூடச் சேர்ப்பதில்லை. புளிப்பு இல்லாததால் பச்சைக் கிழங்கு அந்தப் பாலிலேயே நிதானமாக வெந்துவிடும்.

தயிர் மாதிரிப் புளித்த கிரீமும் சீஸும் போடுவது அமெரிக்க வழக்கம். அங்கே யூட்டா மாநிலத்துப் பக்கம் இதற்குத் துக்க வீட்டு உருளைக்கிழங்கு என்றே பெயர். நம் ஊரில் சாவு நடந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்காமல் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆக்கிக் கொண்டுபோவார்களே, அதே மாதிரி அங்கே சபைப் பெண்கள் ட்ரே ட்ரேயாகச் செய்து எடுத்துப் போவார்கள். அவர்கள் போடுவது கடையில் துருவி உறைய வைத்து விற்கும் கிழங்கு. அது பாக்கெட்டுக்குள் போகும்போதே ஓரளவு வெந்திருக்கும். கூடவே டின்னில் வரும் கெட்டி சூப் ஒன்றை ஊற்றுவார்கள், அதில் மாவு சேர்ந்திருக்கும். வீடியோவில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவதுதான் கண்ணுக்குத் தெரியும். கிழங்கு முன்னாலேயே வெந்தது, தயிரைத் திரியாமல் காப்பது மாவு என்று யாரும் நின்று சொல்ல மாட்டார்கள்.

புளிக்குழம்பு வைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காயை வேகவிட்டு அப்புறம்தான் புளித்தண்ணீர் விடுகிறோம். புளி முதலில் விழுந்தால் காய் லேசில் வேகாது என்று நம் அம்மா எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கிழங்குக்குள் ஒரு செல்லையும் இன்னொன்றையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். தயிரும் புளிப்புத்தானே.

இதோடு உங்கள் ஊரின் உயரமும் சேர்ந்துகொண்டது. நான் இருப்பது போடியில். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். மூணாறு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே 95 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். குமிழி விட்டுத் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நல்ல சூடு என்று நினைப்போம், ஆனால் சூடு குறைவுதான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தேவிகுளத்தில் தங்கை வீட்டில் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். போடியில் 15 நிமிஷத்தில் வேகிற கிழங்குதானே என்று அதே கணக்கில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடித்து, சாஸில் போட்டு அவனுக்குள் தள்ளிவிட்டேன். பரிமாறும்போது கரண்டி இறங்கவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பிளந்து பார்த்தேன். வெளியே வெள்ளையாக வெந்திருக்கிறது, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு. தங்கச்சி மாமனார் வீட்டு ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் மலை ஊருக்குக் குக்கர்தான் சரி. மூடிக்குள் அழுத்தம் ஏறுவதால் உயரத்தின் குறை தெரியாது. நடுத்தரக் கிழங்காக ஒரே அளவில் பார்த்து எடுத்து, தோலோடு முழுசாக 2 விசில் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். கத்தி நுனி உள்ளே போகும்போது கடைசியில் லேசாகத் தடுக்க வேண்டும், அந்தப் பதம் போதும். தடுக்காமல் இறங்கினால் அடுத்த தடவை ஒரு விசிலைக் குறையுங்கள். நன்றாக ஆறின பிறகுதான் தோலுரித்து முக்கால் அங்குலத் துண்டாக வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் குழைந்துவிடும். ஆறிய கிழங்கில் மாவு இறுகிவிடுவதால் துண்டு துண்டாக நிற்கும்.

எந்தக் கிழங்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வட்டவடையிலிருந்து வரும் புதுக்கிழங்கு பொரியலுக்கு நன்றாக இருக்கும், துண்டு உடையாது, ஆனால் சாஸை உறிஞ்சாது. இதற்கு மாவுக்கிழங்கு வேண்டும். சந்தேகம் இருந்தால் 11 கரண்டி தண்ணீருக்கு 1 கரண்டி உப்புக் கரைத்து ஒரு கிழங்கைப் போட்டுப் பாருங்கள். முங்கினால் மாவுக்கிழங்கு. அப்புறம், டிசம்பர் குளிரில் கிழங்கு மூட்டையை வராந்தாவில் விடாதீர்கள், பிரிட்ஜிலும் வைக்காதீர்கள். அதிகக் குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். அப்படி இனித்துப்போன கிழங்குதான் அவனில் சீக்கிரம் கருகும். உங்கள் ட்ரே மேலே கருகியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இனி சாஸ். ஒரு ட்ரேக்கு ஒன்றரை கிலோ கிழங்கு, அது 12 பேருக்கு வரும். உங்களுக்கு இரண்டு ட்ரே வேண்டும். இங்கே சொல்கிற அளவெல்லாம் ஒரு ட்ரேக்கு. அடி கனமான பாத்திரத்தில் 60 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக அரிந்த 2 பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். 8 பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். காந்தளூர், வட்டவடைப் பூண்டு உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, காரமும் வாசனையும் கூடுதல், அதனால் 5 பல்லே போதும். பச்சை வாடை போனதும் 50 கிராம் மைதாவைத் தூவி, தீயைக் குறைத்து 2 நிமிஷம் வறுங்கள், சிவக்கக் கூடாது. வெதுவெதுப்பான முக்கால் லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்பக்கம் பூசினாற்போல ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். அடுப்பை அணைத்துவிடுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸும் தயிரும். இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 25 கிராம் சீஸ் கியூப் 10 எடுத்துத் துருவி, இறக்கிய சாஸில் போட்டுக் கலக்கினால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும். கொதிக்க வைத்தால் சீஸின் புரதம் சுருங்கி உள்ளே இருக்கும் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். போன வருஷம் மிதந்த எண்ணெய் அதுதான். கியூபாக வரும் பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாத உப்புகள் சேர்த்திருப்பார்கள், அதனால் சாஸ் வழவழவென்று நிற்கும். பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லாவை உள்ளே கலக்காதீர்கள். சூடாக இருக்கும்போது நூல் நூலாக வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் மாட்டுப்பட்டிக் குளிரில் தட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே ரப்பராகிவிடும். வேண்டுமானால் மேலே ஒரு கைப்பிடி மட்டும் தூவுங்கள்.

தயிரை மெல்லிய துணியில் 2 மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்த கெட்டித் தயிர் 150 கிராம் எடுத்து, கட்டி இல்லாமல் அடித்து, சாஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேருங்கள். மோர்க்குழம்புக்கு அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்து விடுகிறோமே, அதே வேலையை இங்கே மைதா செய்கிறது. மாவு சேர்ந்த தயிர் சூட்டில் சட்டென்று திரியாது. அதிகம் புளிக்காத தயிராகப் பாருங்கள். கிரீம் தேவையே இல்லை. மிளகை அப்போதே இடித்து ஒன்றரை டீஸ்பூன் போடுங்கள். இடுக்கி மிளகு இருக்கும்போது வேறு மசாலா எதற்கு? கரம் மசாலா, மஞ்சள் எதுவும் வேண்டாம், பாலின் ருசியை அமுக்கிவிடும். ஒரு காந்தாரி மிளகாயைக் கீறிப் போட்டு, அப்புறம் எடுத்துவிடுவது எனக்குப் பிடிக்கும். சீஸிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்த்துத்தான் உப்புச் சேர்க்க வேண்டும்.

கிழங்கைச் சாஸில் புரட்டி, வெண்ணெய் தடவிய ட்ரேயில் 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். உயரம் கூடினால் நடுவில் சூடு ஏறுவதற்குள் மேலே கருகும். ட்ரே வாங்கும் முன் அவனின் உள்ளளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் ஓர் அங்குலம் காற்று ஓட இடம் வேண்டும்.

இதுவரைக்கும் உள்ள வேலை முழுவதையும் சனிக்கிழமையே முடித்துவிடலாம். இந்தப் பலகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பூரி, வடை மாதிரி ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. கோயில் முடிந்து வந்து நீங்களும் எல்லாரோடும் பாயில் உட்காரலாம். ட்ரேயை மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். ராத்திரிக் குளிர் போதுமே என்று வெளியே வைப்பது வேண்டாம். பால் சேர்ந்த பண்டம், அந்தக் குளிரை நம்ப முடியாது. சாப்பிடுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் எடுத்து, அரை மணி வெளியே வைத்து, ஃபாயில் மூடி 180 டிகிரியில் 35 நிமிஷம். அப்புறம் ஃபாயிலை எடுத்துவிட்டு, நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ் 2 கப்பை 40 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி மேலே தூவி, இன்னும் 20 நிமிஷம். பேக்கரி ரஸ்க்கை உடைத்துப் போட்டாலும் அதே மொறுமொறுப்பு வரும். எனக்கு ரஸ்க்தான் இன்னும் பிடிக்கும். ஓரம் முழுக்கக் குமிழ் விட்டால் ஆயிற்று. எடுத்து 10 நிமிஷம் பொறுத்துப் பரிமாறினால் சாஸ் ஓடாது. அலுமினிய ட்ரேதான் நல்லது. கண்ணாடியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூட்டில் வைத்தால் விரிசல் விடும்.

அவனில் ஒரு ட்ரேதான் பிடிக்கும் என்றால் முதலாவதை ஃபாயில் போட்டு, செய்தித்தாள் சுற்றி, பழைய கம்பளிக்குள் வையுங்கள். ஒரு மணி நேரம் சூடு தாங்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். கிழங்கும் வெந்தது, சாஸும் வெந்தது, சுட்டால் போதும். கனமான சட்டியில் அடியில் மணல் பரப்பி, மேலே ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் ட்ரேயை ஏற்றி, மூடியின்மேல் கங்கு போட்டாலே மேலே சிவந்துவிடும்.

கூட வைக்க எண்ணெய்ப் பண்டமாக வேண்டாம். கோஸும் கேரட்டும் மெல்லிசாக அரிந்து எலுமிச்சை பிழிந்து வையுங்கள், கோழி மிளகு வறுவல் இருக்கட்டும்.

மசாலாவா இதுவா என்று கேட்டீர்கள். ஒரு கிலோ கிழங்கில் மசாலாவும் செய்துவிடுங்கள், பெரியவர்கள் தேடுவார்கள். உங்கள் மாமியார் தட்டில் வைத்துவிட்டு எழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. நறுக்கென்று பச்சைக் கிழங்கு கடிபட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி சாஸை இறக்கியதும் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து அவர் கையில் ஊற்றி, “அத்தை, உப்பு சரியா இருக்கா பாருங்க” என்று கேளுங்கள். அவர் சொல்கிற உப்பைப் போடுங்கள்.