மோட்டார் தகட்டில் 1440 என்பது என்ன கணக்கு?

கேள்வி: எங்கள் மாவு மில் மோட்டார் தகட்டில் 1440 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. அது என்ன? பெரிய புல்லி மாட்டினால் அரவை சீக்கிரம் முடியுமா, அண்ணாச்சி?
- வாசகர், வள்ளியூர்

பதில்: மோட்டார் தண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் ஆர்.பி.எம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, நிமிடத்துக்கு 3000. நான்கு துருவ (இரண்டு ஜோடி காந்த முனை) மோட்டாருக்குள் காந்தப்புலம் அதில் பாதி, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். தண்டு அதற்குக் கொஞ்சம் பின்தங்கினால்தான் இழுவையே பிறக்கும். முழுச் சுமையில் உங்கள் மோட்டார் பின்தங்குவது 60 சுற்று; மிச்சம் 1440.

மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, மில்லில் 8 அங்குலம் என்றால் கல் 720 சுற்று சுற்றும். மோட்டார் புல்லியை 5 அங்குலமாக்கினால் 900. வேகம் கூடும், வாஸ்தவம்தான். கூடவே மாவு சூடேறும், பெல்ட் வழுக்கும், மோட்டார் கூடுதல் ஆம்பியர் (மின்னோட்டம்) இழுத்து உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். மில் புல்லியைப் பெரிதாக்கினாலோ வேகம் குறைந்துவிடும். மில்லுக்குக் குறித்த வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: வயரிங் மாற்றியபின் தோட்டத்து பம்பில் தண்ணீர் சன்னமாக வருகிறதே?
- வாசகர், பணகுடி

பதில்: த்ரீ ஃபேஸ் என்றால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், அழுத்தம் இருக்காது. மெயினை அணைத்துவிட்டு, மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: காற்றாலை ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது?
- வாசகி, ராதாபுரம்

பதில்: பார்வைக்குத்தான் மெது. 40 மீட்டர் இறக்கை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால், நுனி மணிக்கு சுமார் 226 கி.மீ. வேகத்தில் பாய்கிறது.