ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்? எப்படித்தான் நினைவில் வைப்பது?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. அகராதியில் எண் போட்டிருக்கும் அர்த்தங்களை வரிசையாக உருப்போடுகிறீர்கள், சரியா? அதை விடுங்கள். முதலில் அந்தச் சொல் அகராதியில் தனித்தனிப் பதிவுகளாக, அதாவது தலைச்சொல்லாகவே பலமுறை, வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் அது ஒரே சொல் இல்லை. வேறு வேறு வழியில் வந்து, எழுத்தில் ஒன்றுபோல் ஆகிவிட்டவை.

சவுண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி என்ற பொருள் லத்தீன் 'சோனுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கடைசி 'ட்' அதற்கு அப்புறம் ஒட்டிக்கொண்டது. 'சவுண்ட் ஸ்லீப்' என்றால் குறட்டை விட்டுத் தூங்குவது இல்லை. அந்தச் சவுண்டுக்கு நலமான, பழுதில்லாத என்று பொருள். தும்மியவரிடம் ஜெர்மானியர்கள் சொல்லும் 'கெசுண்ட்ஹைட்' அதற்குப் பங்காளி. மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்த்ததும் சவுண்ட்தான். அது பிரெஞ்சு 'சோந்தே'. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவில் இருக்கும் நீரிணையும் சவுண்ட். அது ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'சுந்த்'.

இந்த நீரிணையில்தான் நான் மாட்டினேன். ஒரு கடற்பயணக் கட்டுரையில், கப்பல் இரவில் சவுண்டுக்குள் நுழைந்தது என்று ஒரு வரி. நீரிணை என்று மொழிபெயர்த்தேன். சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு, 'கப்பல் ஒலிக்குள் நுழைந்தது' என்று திருத்தினார். அகராதிப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினேன். வாசகருக்கு ஒலி என்றால்தான் புரியுமாம். கப்பல் எப்படி ஐயா ஒலிக்குள் போகும் என்று கேட்டேன். "அது கவித்துவமாக இருக்கிறது" என்றார். அச்சிலும் அப்படியே வந்தது, என் பெயரோடு.

மொழியியல் படித்தவர்கள் கருத்துப் பெட்டியில் பாய வேண்டாம். 'சோந்தே'யே 'சுந்த்' வழி வந்தது என்றொரு கருத்து இருப்பது எனக்கும் தெரியும். அப்படியானால் நான்கு மூலத்தை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒலிக்குள் போகாது என்பதில் மாற்றமில்லை.

நினைவில் வைக்க என் வழி, பக்கத்துச் சொற்களைப் பார்ப்பது. கப்பல், கரை, தீவு என்று வந்தால் காதை மறந்துவிடலாம்.

மொழிபெயர்ப்பை ஏதோ தட்டச்சு வேலை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல் கணக்கில்தான் கூலி. சவுண்டுக்காக அரை நாள் அகராதி புரட்டினாலும், 'அண்ட்'டுக்குக் கிடைக்கும் அதே காசுதான். அந்தக் கட்டுரைக்கு அதுவும் முழுதாக வரவில்லை. திருத்தங்கள் அதிகமாம், பிடித்துக்கொண்டார்கள்.