கட்டுக்கட்டாகப் புல் போட்டும் ஆடு தேறவில்லையா?

புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐந்து வெள்ளாடு, இரண்டு செம்மறி, ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோ. லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடைக்கரையில் நட்ட கோ-3 என்ற ஒட்டு நேப்பியர் புல்லும் பாதையோரத்துக் கினிப் புல்லுமாக நாளுக்கு இரண்டு கட்டு, 30 கிலோவுக்குக் குறையாமல் போடுகிறாராம். வயிறு பானை மாதிரி இருக்கிறது, முதுகெலும்போ துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆடு பிடிக்க வரும் தரகர், செரிமானக் கோளாறு என்று சொல்லி ஒரு பவுடரும் மாட்டுக்குப் போடும் மினரல் (தாது உப்பு) பக்கெட்டும் வாங்கச் சொன்னாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக் காலையில் பட்டிக்குப் போய், ராத்திரி போட்ட புல்லில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். விரல் தடிமனில் தண்டு தண்டாகக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளையாமல் படக்கென்று ஒடிந்து நார் நாராகப் பிரிந்தால் அது தீனி இல்லை, அடுப்புக்குத்தான் ஆகும். நீங்கள் சுமந்து வந்த 30 கிலோவில் பாதி அப்படியே கிடக்கிறது என்றால், ஆடு தின்றது மிச்சப் பாதியைத்தான், அதுவும் வேறு வழியில்லாமல்.

நம் வெப்பநாட்டுப் புல்லின் குணமே இதுதான். சீக்கிரம் வளரும், வளர்ந்த வேகத்தில் முற்றும். முற்றிய நார் ஆட்டின் முதல் இரைப்பையில் எளிதில் நொறுங்காது. நொறுங்கித் தூளாகாமல் அடுத்த பைக்கு இறங்காது. இறங்காதவரை வயிறு நிறைந்தே இருக்கும், ஆட்டுக்கு மறுபடி தின்னத் தோன்றாது. புல்லைச் செரிக்க வைப்பது அந்தப் பையிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் சோறு வேண்டும், அதாவது புரதம். தீனியின் காய்ந்த எடையில் 7 சதவீதத்துக்குக் கீழே புரதம் இறங்கினால் அவையே பட்டினி கிடக்கும், வேலை மந்தமாகும். முற்றிய புல்லில் அந்த அளவு பெரும்பாலும் தேறாது. உங்கள் ஆட்டின் பானை வயிறு செரிக்காமல் தேங்கிய நார், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு 750 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை காய்ந்த எடையில் தீனி இறங்க வேண்டும். மழைக்காலத்து இளம் புல்லில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர், ஆகவே அது ஐந்திலிருந்து ஏழு கிலோ வரை பச்சைப் புல். அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாகப் போடுங்கள், ஆடு பொறுக்கித் தின்னும் பிராணி, பொறுக்க இடம் கொடுத்தால்தான் இலையாகப் பார்த்துத் தின்னும். வெட்டியதும் போடாமல் நிழலில் பரப்பி அரை நாள் வாட விடுங்கள். பனி காயாத புல்லில் புழுக்குஞ்சுகள் நுனிவரை ஏறி நிற்கும், அதனால் வெயில் ஏறிய பிறகு அறுப்பது நல்லது. இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் சேதம் குறையும். ஆனால் முற்றிய தண்டை நறுக்கினால் இளம் புல்லாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புல்லை எப்போது வெட்டுவது? உங்கள் மலை உயரத்தில் கோ-3 என்றால் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை, கினிப் புல் அதற்கும் முன்னால். ஓடைக்கரையை ஆறு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒரு பாத்தி வெட்டுங்கள், சுற்று தானாக 42 நாளில் வந்து நிற்கும். சரி, இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கையேடு எழுதுகிறவர்கள் எல்லாம் "45 நாளில் வெட்டவும்" என்று எழுதிவிடுகிறார்கள், லயத்துக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இருக்கிறதா என்று கேட்பதில்லை. உதவித் திட்டம் என்று ஆட்டைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், புல் எங்கே வளர்ப்பது என்று கேட்டால் அது வேறு பிரிவாம். தோட்டத்தில் கேட்டு ஓடைக்கரை கிடைத்ததே உங்கள் அதிர்ஷ்டம், அதை முற்ற விடாதீர்கள்.

அப்புறம் இலை. வேலிக்கு நடும் கிளிரிசீடியா, தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் முள்முருங்கை, பலா, எது கிடைக்கிறதோ அது. கிளிரிசீடியா இலையின் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஒரு ஆட்டுக்கு நாளுக்கு ஒரு கிலோ பச்சை இலை போதும். முதல் நாள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாசனை அப்படி. வாட வைத்து, ஒரு கைப்பிடியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்.

தரகரின் பவுடருக்கு வருகிறேன். நான் பிரித்துப் பார்த்தவை பெரும்பாலும் சோடாவும் உப்பும் கொஞ்சம் வாசனைச் சரக்கும்தான். நார்ப்புல்லை அது கரைக்காது. உங்கள் ஆடு தேறினால் அந்த ஆளுக்கு என்ன லாபம் என்று யோசித்தீர்களா? இரண்டு மாதம் கழித்து அதே ஆள் வருவார், முதுகைத் தடவிப் பார்ப்பார், "இது இனித் தேறாதுங்க, வந்த விலைக்குக் கொடுத்துடுங்க" என்பார். கண் மதிப்புக்கு விற்காதீர்கள். சாக்கில் தூக்கித் தொங்கு தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். அவரிடம் ஆடு வாங்குவதாக இருந்தால் காலையில், தீனி தண்ணீர் காட்டுவதற்கு முன் நிறுங்கள், உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து எடை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

மினரல் பக்கெட் விஷயம் வேறு. வெள்ளாட்டுக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. உங்களிடம் இரண்டு செம்மறி இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். மாட்டு மினரலில் செம்பு சேர்த்திருப்பார்கள், மாட்டுக்கு அது தேவை. செம்மறி செம்பை வெளியேற்றத் தெரியாத பிராணி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்த்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, நன்றாகத் தின்னும், நடக்கும். ஒரு நாள் திடீரென்று ஈரல் கையை விரிக்கும், இரத்த அணுக்கள் உடையும், கண் மஞ்சளாகும், மூத்திரம் தேத்தண்ணீர் நிறத்தில் போகும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இதே செம்பு தேயிலையிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் தேயிலை இலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் பல செம்பு மருந்து. மருந்து அடித்த மலையில் செடிக்கு இடையில் பிடுங்கிய புல்லைச் செம்மறிக்குப் போடவே போடாதீர்கள், மழை கழுவிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். பக்கெட்டில் "செம்மறிக்கு" என்று தெளிவாக எழுதியிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண உப்புக்கட்டி போதும்.

கடைசியாக, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் புல்லை மாற்றிவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தால் பெரும்பாலும் குடற்புழு இரத்தம் குடிக்கிறது, மேலே சொன்ன எதுவும் தனியாக உதவாது. பூச்சி மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். ஒரு மிருக வைத்தியருக்கு எத்தனையோ தோட்டம், அவர் வருவார் என்று காத்திருந்தால் ஆடு காத்திருக்காது. புதிதாகப் போட்ட புழுக்கையில் ஒரு கைப்பிடியைப் பொலித்தீன் பையில் கட்டி அன்றைக்கே அவருடைய அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் புழு இருக்கிறதா என்று பார்க்கக் கொடுங்கள், ஆட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.